பூட்டப்பட்ட தரவும் கசிவது ஏன்?

தரவுத்தளத்தின் கோப்புகளோ காப்புநகல்களோ களவுபோனாலும் அவற்றிலுள்ள செய்தி பிறருக்கு விளங்காதிருக்க, சேமிக்கும்போதே அதைப் படிக்க இயலாத உருவுக்கு மாற்றும் முறை மறைகுறியாக்கம் எனப்படுகிறது. அவ்வாறு மாற்றவும் மீட்கவும் பயன்படும் இரகசிய எண்ணே திறவுகோல் ஆகும். 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏஇஎஸ் முறை, தரவை 128 பிட் கட்டங்களாகப் பிரித்து மாற்றுகிறது. அதன் 256 பிட் திறவுகோலை, சாத்தியமான எண்களை ஒவ்வொன்றாக முயன்று கண்டறிவது இன்றைய கணினிகளுக்கு இயலாத செயலாகும்.

ஆயினும், மறைக்கும் விதம் பிழையானால் தரவு வெளிப்படும் என்பதை 2013இல் அடோபி நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட தரவு காட்டியது. அங்குக் கடவுச்சொற்கள் டிரிபிள் டெஸ் என்னும் மறைகுறியாக்க முறையில், 64 பிட் கட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியே, ஒரே திறவுகோலால் மாற்றப்பட்டிருந்தமையால், ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்த அனைவருக்கும் ஒரே மறையுருவே அமைந்தது. கடவுச்சொல்லை நினைவூட்டப் பயனர்கள் எழுதிவைத்த குறிப்புகளோ மறைக்கப்படாமலே கிடந்தன. எனவே, ஒரே மறையுருவுக்குரிய பலரின் குறிப்புகளை ஒப்பிட்டு, திறவுகோல் இன்றியே பல கடவுச்சொற்களை ஊகிக்க முடிந்தது.

இக்குறையைத் தவிர்க்க, ஒவ்வொரு பதிவுடனும் மீண்டும் வராத ஒரு தொடக்க எண் சேர்க்கப்படுவதால், ஒரே தகவலும் ஒவ்வொரு முறையும் வேறோர் உருவைப் பெறுகிறது. திறவுகோல் தரவுத்தளத்துக்கு வெளியே தனிக்கருவியில் காக்கப்படுகிறது. மீட்கத் தேவையற்ற கடவுச்சொற்களுக்கு, திருப்ப இயலாத ஹாஷ் முறையே பொருத்தமானது. எனினும், உரிய அனுமதியுடன் நுழைபவருக்குத் தரவுத்தளமே தகவலை மீட்டுத் தருவதால், திருடப்பட்ட கோப்புகளைப் படிக்கவிடாமல் காக்கும் மறைகுறியாக்கம், களவாடப்பட்ட அனுமதியுடன் நுழைபவரைத் தடுப்பதில்லை.