கரியாஹாட் கோடையில் ஏ.சி. நின்றுபோனால்...

கரியாஹாட்டில் ஒரு நாலாவது மாடி வீடு. பகல் 2 மணி. மகன் டல்ஹௌசி ஆபீசில். வீட்டில் வயதான தாயார் மட்டும். திடீரென்று மின்சாரம் போகிறது, ஏ.சி. நின்றுவிடுகிறது. அந்த அம்மாள் என்ன செய்வார்?

இது வீண் பயமல்ல. 2024 ஏப்ரல் 30-ந் தேதி அலிப்பூரில் 43 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கொல்கத்தா நகரம் ஏப்ரல் மாதத்தில் அவ்வளவு வெயிலைக் கண்டு 70 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெயிலைவிடப் பொல்லாதது இங்குள்ள புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாமல் வழிகிறது. வேலூர் வெயிலில் வளர்ந்தவரும் இங்கே தவித்துப்போவது இதனால்தான்.

அறையே அடுப்பு

ஏ.சி.க்காகக் கண்ணாடி ஜன்னல்களை இறுக மூடிய அறை, மின்சாரம் போனதும் அடுப்பாகிவிடும். வெயில் படும் பக்கம் திரையை இழுத்துவிட்டு, நிழல் பக்கம் ஜன்னலைத் திறக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடுதான் அதிகம் தகிக்கும். கீழ்த்தளத்தில் தெரிந்தவர் வீடு இருந்தால் அங்கே போய்விடுவது நல்லது. ஏ.சி. சுவிட்சை அணைத்துவைக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் தெருவிலுள்ள ஏ.சி.க்கள் எல்லாம் ஒன்றாக இழுத்தால் ஃபியூஸ் மறுபடியும் போகலாம்.

லோட் ஷெட்டிங் காலத்தைக் கண்ட பெரியவர்களுக்குப் பனையோலை விசிறி புதிதல்ல. ஈரத்துணியால் கை, கழுத்தைத் துடைத்துக்கொண்டு விசிறினால் பலன் அதிகம். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் வெறும் விசிறிக் காற்று அனலையே வீசும்.

நீராகாரமும் உப்புநீரும்

நம் பழைய சோறும் வங்காளிகளின் பாந்தா பாத்தும் ஒன்றுதான். நீராகாரம், மோர், இளநீர், சுட்ட மாங்காய் சர்பத் எல்லாமே நல்லவை.

1971-ல் வங்காளதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, கொல்கத்தா டாக்டர் திலீப் மகலனாபிஸ் போங்காவ் முகாமில் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த நீரைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். இன்று மருந்துக் கடைகளில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே. பொட்டலம் இல்லையேல் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலக்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இருதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாமதம் கூடாது

பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்து, அதுவரை உடம்பை நனைத்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1995 ஜூலை வெயிலுக்கு 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தனித்திருந்த முதியவர்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஆளில்லை.

ஆபீசுக்குப் புறப்படும் மகன் பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். பகல் 2 மணிக்கு ஒரு போன் செய்யட்டும். இரண்டுக்கும் மின்சாரம் தேவையில்லை.