சிறுமுதலில் இசைக்கலவைக் கருவி

மிக்ஸர் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே பலகாரக் கடையின் கண்ணாடிச் சாடியை நினைப்பவர் நம்முட் பலர். அடுக்களையில் அரைக்கும் பொறியை நினைப்பவர் சிலர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட மிக்ஸர் இவ்விரண்டும் அன்று. ஒரு பாட்டின் இறுதியும் மற்றொரு பாட்டின் தொடக்கமும் இடையறவு படாமல் இணையும்படி, டி.ஜே. என வழங்கும் இசைத்தட்டாளர் கையாளும் கருவியே அது. அதனைக் கலவைக் கருவி என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

இக்கலையில் நாட்டமுடைய மாணவர் பலர். கையில் பொருளுடைய மாணவர் மிகச் சிலர். விடுதிச் செலவில் மிச்சம் பிடித்தும், விடுமுறையில் சிறு வேலை பார்த்தும் சேர்த்த பணம் தகாத கருவியின்மேற் சென்றுவிடின், மறுமுறை அது சேர்வதற்கு ஓராண்டும் ஆகலாம். அதற்குள் ஆர்வமே அவிந்து போதலும் கூடும். ஆதலின், இக்கருவியில் இன்றியமையாதன எவை, இல்லாமலும் அமைவன எவை எனப் பிரித்துக் காட்டுதலே எமது நோக்கமாகும்.

முதற்கண் கருவியின் தொழிலை அறிதல் வேண்டும். இசைத்தட்டாளர் முன் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள் இருக்கும். இக்காலத்தில் அவற்றிற்கு ஈடாக வேறு ஒலிபரப்பும் பொறிகளும் இருக்கலாம். கூட்டத்தினர் முதற் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்பொழுதே, இசைத்தட்டாளர் இரண்டாம் பாட்டைத் தம் ஹெட்போனில் தனித்துக் கேட்டு, அதன் தாளவேகத்தை முதற்பாட்டின் வேகத்தோடு ஒத்திசையச் செய்கிறார். பின்னர் உரிய இடத்தில் இரண்டையும் கலந்து, முதலாவதை மெல்ல விலக்கிவிடுகிறார். எனவே கலவைக் கருவியின் தொழில்கள் மூன்று: இரண்டு ஒலிகளையும் தனித்தனியே ஏற்றல்; வரவிருப்பதை இசைத்தட்டாளர் செவிக்கு மட்டும் முன்னரே அறிவித்தல்; இரண்டையும் வேண்டிய அளவிற் கலத்தல். ஏனைய யாவும் இம்மூன்றிற்கும் பின்வந்த அணிகலன்களே.

இக்கூற்றின் உண்மையை இக்கலையின் வரலாறே உணர்த்தும். அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் 1520 என்னும் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்று உண்டு. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள், அக்கட்டிடத்தின் பொழுதுபோக்குக் கூடத்தில் சிண்டி கேம்பல் என்னும் இளம்பெண் ஒரு விருந்து நடத்தினாள். பள்ளி திறக்கும் காலம் அணுகியதால் புத்தாடைக்குப் பணம் திரட்டுவதே அவள் கருத்து. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட். ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுச் சுழற்றியவர் ஜமைக்காவிற் பிறந்த அவள் தமையனார் கிளைவ் கேம்பல். கூல் ஹெர்க் எனப் பிற்காலத்தில் உலகம் அறிந்தவர் அவரே. ஹிப்-ஹாப் என்னும் இசைமரபின் பிறந்தநாளாக அந்நாளையே இன்று பலரும் கொண்டாடுகின்றனர். ஓர் ஏழைக் குடியிருப்பின் கூடத்திற் சில்லறைக் காசுகளோடு தொடங்கியது இக்கலை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அதே பிராங்க்ஸில் வளர்ந்த ஜோசப் சாட்லர் என்னும் இளைஞர், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்றவர். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்பது அவர் பூண்ட பெயர். பழுதுற்ற பொறிகளினின்றும் பாகங்களைப் பொறுக்கித் தம் கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்வது அவர் வழக்கம். அவரிடம் இருந்த மலிவான கலவைக் கருவியில், அடுத்த இசைத்தட்டை முன்னரே கேட்பதற்கு வழியில்லை. அவர் புதுக்கருவிக்காகக் காத்திருந்தாரல்லர். இருபுறமும் திரும்பும் சிறு ஸ்விட்ச் ஒன்றை அதனோடு இணைத்து, எச்சுழலியின் ஒலியையும் ஹெட்போனில் தனியே கேட்குமாறு செய்துகொண்டார். பொருளில்லாத ஒருவர் தம் கருவியில் முதன்முதற் சேர்த்துக்கொண்டது யாது என்று நோக்குமின். பளபளக்கும் விளக்கன்று, விந்தை ஒலிகளன்று, செவிக்கு முன்னறிவே. சிறுமுதலுடையார் கடைப்பிடிக்க வேண்டிய வரிசையும் இதுவே.

இனி, கடைக்குச் செல்லுமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள.

எதனை இக்கருவியோடு இணைக்கப் போகின்றோம் என்பது முதல் வினா. மடிக்கணினி ஒன்றே உடையவர்க்குத் தனிக் கலவைக் கருவியே தேவைப்படாது. கண்ட்ரோலர் என்னும் பொறியில் இரு சுழல்தட்டுக்களும் கலவைப் பகுதியும் ஒருங்கே அமைந்திருக்கும்; தொடக்க நிலையினர்க்கு அதுவே செலவு குறைந்த வழி. ஆயின் மலிவான கண்ட்ரோலர்கள் பலவற்றிற் கலத்தற்றொழிலைச் செய்வது கணினியின் மென்பொருளேயாதலின், கணினியின்றி அவை ஊமையாகிவிடும் என்பதையும் அறிந்தே வாங்குதல் வேண்டும்.

உண்மையான இசைத்தட்டுக்களைச் சுழற்ற விரும்புவோர் ‘போனோ’ எனக் குறித்த உள்வாய் கருவியில் உளதா எனப் பார்த்தல் வேண்டும். ஊசி தரும் மின்குறி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. ‘லைன்’ எனக் குறித்த உள்வாயோ ஏறத்தாழ 300 மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கும். இரண்டிற்கும் இடையே 60 மடங்கு வேற்றுமை உண்டு. அன்றியும், இசைத்தட்டிற் பதிக்கும்பொழுது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிக்கின்றனர்; மீட்கும்பொழுது அதனை நேர்மாறாகத் திருத்துதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டு முதல் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொதுநெறி வழங்கி வருகிறது. சிறுகுறியைப் பெருக்குதலும், இத்திருத்தத்தைச் செய்தலும் ஆகிய இரண்டும் போனோ உள்வாயின் கடமைகள். நிலத்தொடர்புக் கம்பியை முடுக்குதற்குரிய சிறு திருகாணியும் அதனருகே இருத்தல் வேண்டும். இன்றேல் வண்டு முரல்வது போன்ற இரைச்சல் ஓயாது கேட்கும்.

எத்தனை வழிகள் வேண்டும் என்பது இரண்டாம் வினா. வழி என்பது ஓர் ஒலி புகுந்து செல்லும் தனிப்பாதை. பெரிய மன்றங்களிற் காணப்படும் கருவிகள் நான்கு வழிகளை உடையன. 2016-இல் வெளிவந்த பயனியர் டிஜேஎம்-900 நெக்ஸஸ் 2 அத்தகையது. ஆயின் மனிதனுக்குக் கைகள் இரண்டே. பயில்வோன் ஒரு நேரத்திற் கலப்பனவும் பெரும்பாலும் இரண்டு பாட்டுக்களே. ஒரே விலையில் நான்கு வழிக்கருவி ஒன்றும் இருவழிக்கருவி ஒன்றும் கிடைக்குமாயின், பின்னதன் ஒவ்வொரு வழிக்கும் செலவிட்ட பொருள் மிகுதியாயிருத்தல் இயல்பு. ஆதலின் சிறுமுதலினர்க்கு இருவழியே சாலும்.

ஒலியைத் திருத்தும் குமிழ்கள் எத்தகையன என்பது மூன்றாவது. ஒவ்வொரு வழியிலும் தாழ்ந்த ஒலி, இடைநிலை ஒலி, உயர்ந்த ஒலி ஆகியவற்றைக் கூட்டவும் குறைக்கவும் மூன்று குமிழ்கள் இருத்தல் வேண்டும். நம் முன்னோர் மெலிவு, சமன், வலிவு என வகுத்த மூவகை நிலைகளை இவற்றோடு ஒருவாறு ஒப்பிட்டு நினைவிற் கொள்ளலாம். இவற்றுள் தாழ்ந்த ஒலிக்குரிய குமிழே தலையாயது. இரண்டு பாட்டுக்களின் முழவொலியும் ஒருங்கே ஒலிப்பின் ஓசை சேறாகக் கலங்கும். ஆகவே புதியது நுழையும்பொழுது அதன் தாழ்ந்த ஒலியை அடக்கி வைத்து, பழையதன் தாழ்ந்த ஒலியை விலக்கும் அக்கணத்தே புதியதனுடையதைத் திறந்துவிடுதல் இக்கலையின் அடிப்படைப் பயிற்சி. சில கருவிகளில் இக்குமிழ் ஒலியை 26 டெசிபெல் குறைக்கும். அஃதாவது மின்னழுத்தம் இருபதில் ஒரு பங்காகும். வேறு சிலவற்றில் ஒலி முற்றிலும் மறைந்தே போகும். இரண்டும் பயன்படுவனவே, இரு குமிழ்கள் மட்டும் உடைய கருவியை விலை கருதி வாங்குதல் மட்டும் வேண்டா.

குமிழ்களோடு சேர்ந்து ஒலியளவைக் காட்டும் விளக்குநிரையும் இருத்தல் நன்று. ஒரு பாட்டு உரத்தும் மற்றொன்று மெலிந்தும் பதிவாகியிருத்தல் உண்டு. விளக்குகளை நோக்கி இரண்டையும் சமன் செய்தல் வேண்டும். செவ்விளக்கு ஓயாது எரிதல் ஒலி சிதைவதற்கு அறிகுறி. அதனைத் திறமைக்கு அறிகுறியாகக் கொள்வார் சிலர் உளர்.

நான்காவதாக நோக்கற்பாலது, கிராஸ்ஃபேடர் என்னும் குறுக்கு நகர்கட்டை. இதனை ஒருபுறம் தள்ளினால் ஒரு பாட்டும், மறுபுறம் தள்ளினால் மற்றப் பாட்டும் கேட்கும். நெடிய கலவைகளையே விரும்புவோர் இதனைத் தொடாமலே காலங்கழித்தலும் உண்டு. இசைத்தட்டை முன்னும் பின்னும் இழுத்துக் கீறலொலி எழுப்பும் ஸ்க்ராட்ச் வித்தையினர்க்கோ இதுவே உயிர்நிலை. ஓரிரவில் ஆயிரக்கணக்கான முறை அசையும் உறுப்பாதலின், விரைவில் தேய்வதும் இதுவே. ஆதலின், இதனைக் கழற்றி மாற்ற இயலுமா என்று கேட்டறிதல் கட்டாயம். மாற்ற இயலாத கருவி, ஃபேடர் கெட்ட அன்றே தானும் கெட்டதாகும். தொடுபரப்பின்றிக் காந்தத்தால் இயங்கும் ஃபேடர்கள் நெடுநாள் உழைக்கும். அவற்றின் விலையும் அதற்கேற்ப உயரும்.

வெளிவாய்களைப் பற்றியும் ஒரு சொல். வீட்டிற் பயில்வதற்கு ஆர்.சி.ஏ. முனைகள் போதும். மண்டபத்தில் ஒலிபெருக்கிகள் தொலைவில் நிற்கும்; அங்கு எக்ஸ்.எல்.ஆர். முனைகள் வேண்டும். இவற்றின் வடத்தில் ஒரே குறி இரு கம்பிகளில் நேர் எதிராகச் செல்கிறது. வழியிற் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரேவகையாகப் புகுகிறது. முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க, இரைச்சல் நீங்கிக் குறி நிற்கிறது.

இனி, விட்டுவிடத்தக்கவை. எதிரொலி முதலிய விந்தை ஒலிகளை எழுப்பும் பகுதி முதலாவது. பயிற்சியின் தொடக்கத்தில் அது குறைகளை மறைக்கும் திரையாகவே பயன்படும். பலவண்ண விளக்குகள் இரண்டாவது. கணினியோடு இணைக்கும் ஒலிப்பகுதி மூன்றாவது. கணினி கொண்டு இசைப்பவர்க்கு அது வேண்டும், ஏனையோர்க்கு வேண்டா.

எடுத்துக்காட்டாகச் சில கருவிகளைக் கூறுவோம். நியூமார்க் எம்2 என்பது இருவழிகளும், மாற்றத்தக்க கிராஸ்ஃபேடரும் உடைய எளிய கருவி. ஆலன் அண்டு ஹீத் நிறுவனத்தாரின் ஸோன்:23 இருவழியே உடையதாயினும், வழி ஒன்றுக்கு இவ்விரண்டாக நான்கு ஒலிமூலங்களை ஏற்கும். அதன் குமிழ்கள் ஒலியை முற்றிலும் அடக்கவல்லன. பயனியர் டிஜேஎம்-250 எம்கே2, 2017-இல் வந்தது. இருவழிகளோடு கணினிக்குரிய ஒலிப்பகுதியும் அதில் அடங்கியுளது. இவற்றுள் இன்னதே சிறந்தது என யாம் கூறோம். இணைக்கும் பொருளும் பயிலும் முறையும் அறிந்தவனே அதனைத் துணிதற்குரியவன்.

சிறுமுதலினர் பலர்க்குப் பிறர் பயன்படுத்திய கருவியே கைக்கெட்டும். அதனை வாங்குங்கால் வெட்கப்படாது சோதித்தல் வேண்டும். தம் ஹெட்போனையும் தமக்குப் பழகிய பாட்டொன்றையும் கொண்டு செல்லுக. ஒவ்வோர் உள்வாயிலும் இணைத்து, இடம் வலம் இருபுறமும் ஒலி சமமாக வருகிறதா எனக் கேட்க. ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்பி, கரகரப்பு எழுகிறதா என நோக்குக. ஃபேடரை ஒரு கோடிக்குத் தள்ளியபின் மற்றப் பாட்டு மெல்லக் கசிகிறதாயின், அதனை மாற்றும் செலவை விலையிற் கழித்துப் பேசுக. ஹெட்போன் துளையில் முனையைச் சற்றே அசைத்துப் பார்க்க. அமெரிக்காவிலிருந்து வந்த கருவியாயின் பின்புறத்து எழுத்தைக் கட்டாயம் படித்தல் வேண்டும். அங்கு மின்னழுத்தம் 120 வோல்ட்; நம் நாட்டில் 230 வோல்ட். 120 வோல்ட்டுக்கே அமைந்த பொறியை நம் சுவரிற் செருகின், அக்கணமே கருகிப்போதல் கூடும்.

இறுதியாக, இருக்கும் பணம் முழுவதையும் கலவைக் கருவிக்கே செலவிடுதல் கூடாது. ஊசிக்கும், வடங்களுக்கும், இசைத்தட்டுக்களுக்கும் பங்கு ஒதுக்குக. எல்லாவற்றிற்கும் மேலாக ஹெட்போனுக்கு ஒதுக்குக. செவியை நன்கு மூடும் ஹெட்போனாயின் வெளியிரைச்சல் புகாது. அதனை வெல்வதற்காக ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் இராது. 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதே வரம்பு என உலக சுகாதார நிறுவனம் வகுத்துளது. ஒலி 3 டெசிபெல் ஏறுந்தோறும் அக்காலம் பாதியாகக் குறையும். கெட்ட ஃபேடருக்கு மாற்று உண்டு. கெட்ட செவிக்கு மாற்று இல்லை.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அது சிறுமை கூறும் மொழியன்று. அளவறிந்து வாழ்வார்க்குரிய அறிவுரை. இரண்டு வழிகளும், மூன்று குமிழ்களும், மாற்றத்தக்க ஃபேடர் ஒன்றும், வருவதை முன்னுணர்த்தும் ஹெட்போன் துளை ஒன்றும் உடைய கருவி கிடைக்குமாயின், மாணவன் தயங்காது வாங்கலாம். எஞ்சிய குறையைப் பயிற்சி நிரப்பும்.