கேம்பர் வேனில் பெட்ரோல் வாசனை: ‘லேசாத்தானே கசியுது’ என்று விடலாமா?

படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டிதான் கேம்பர் வேன். ஐரோப்பாவில் இன்றும் ஓடும் பழைய கேம்பர்களில் புகழ்பெற்றது, 1950-ல் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் டைப் 2. இந்த வண்டிகள் தீப்பிடிக்க முக்கியக் காரணங்களில் ஒன்று, சில பவுண்டுகளில் கிடைக்கும் ஒரு ரப்பர் ஹோஸ்.

ஆபத்து ஏன் அதிகம்?

இந்த வேனில் எஞ்சின் பின்பக்கம் இருக்கிறது. ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க். எஞ்சினுக்கு மேலேயே படுக்கை. டேங்க் உயரத்தில் இருப்பதால், பம்ப்புக்குப் போகும் ஹோஸ் பிய்ந்தால் எஞ்சினை நிறுத்திய பிறகும் பெட்ரோல் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது அடியில் தேங்கி நிற்க, டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பொறி பறந்தால் போதும். எஞ்சினின் கூடு மெக்னீசியம் கலப்பு உலோகம் என்பதால், அது பற்றிக்கொண்ட பிறகு தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூர்க்கமாகும்.

ஹோஸ் ஏன் கெடுகிறது?

வயதும் எஞ்சின் சூடும் ரப்பரை இறுக வைத்து வெடிக்கச் செய்கின்றன. பழைய வகை ஹோஸ்களின் வெளியே நூல் பின்னல் இருக்கும். உள்ளே வெடிப்பு விட்டிருந்தாலும் பின்னல் அதை மறைத்துவிடும். ‘பார்க்க நல்லாத்தானே இருக்கு’ என்று ஏமாறுவது இங்கேதான். எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று தயாரிக்கப்படாத ரப்பரை இன்னும் வேகமாக அரிக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10% வரை எத்தனால் கலந்த இ10 தான் வழக்கமான பெட்ரோல்.

ஒட்டுப் போடலாமா?

கூடாது. டேப் சுற்றுவதும் பசை பூசுவதும் பெட்ரோலுக்கு முன் நிற்காது. ஒரு ஹோஸ் கசிந்தால் அதே வயதுள்ள மற்றவையும் அடுத்தடுத்துப் போகும். மொத்தமாக மாற்றுவதே சரி.

* திறந்தவெளியில், எஞ்சின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். அடுப்பு, ஃபிரிட்ஜுக்கான கேஸ் சிலிண்டரையும் மூட வேண்டும். டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

* எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் வேண்டும். ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அழுத்தம் கார்பரேட்டர் வண்டியைவிடப் பல மடங்கு என்பதால், அங்கே சாதாரண ஹோஸ் கூடவே கூடாது.

* பட்டையில் வெட்டு வெட்டாக இருக்கும் கிளிப் ரப்பரைக் கடித்துவிடும். ஓரம் மழுங்கிய, வழவழப்பான கிளிப்பே ஏற்றது.

* எஞ்சின் தகட்டைத் துளைத்து உலோகக் குழாய் வரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதிர்விலேயே தகடு குழாயை அறுத்துவிடும். குழாய் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

* டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல் தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டரை, எஞ்சின் அறைக்கு வெளியே டேங்க் பக்கம் மாற்றுவது பாதுகாப்பு.

* டேங்கின் மேல் உள்ள காற்றுக் குழாய்களும், பெட்ரோல் ஊற்றும் வாயின் ரப்பரும் எளிதில் மறந்துபோகிறவை. சில மாடல்களில் எஞ்சினை இறக்கினால்தான் இவை கைக்கு எட்டும். எஞ்சின் வேலைக்கு இறக்கும்போதே இவற்றையும் முடித்துவிட்டால் இரட்டைச் செலவு இல்லை.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகு, காய்ந்த டிஷ்யூ தாளால் ஒவ்வொன்றையும் ஒற்றிப் பார்க்கலாம். தாள் நனைந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

நம் ஊருக்கும் பொருந்துமா?

பொருந்தும். இந்தியாவில் இப்போது 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவலாகிவிட்டது. பழைய ஆம்னி வேனோ, அப்பா காலத்து ஸ்கூட்டரோ, பெட்ரோல் டியூப் எத்தனை வருடம் பழையது என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

காலையில் வண்டிக் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், ‘பழைய வண்டின்னா அப்படித்தான்’ என்று சாவியைத் திருப்ப வேண்டாம். முதலில் கேஸை மூடிவிட்டு, உள்ளே இருப்பவர்களைக் கீழே இறக்கிவிட வேண்டும். கசிவு எங்கே என்று பிறகு தேடலாம்.