கெட்டது நிஜமா, பொய்யா? காவிரி டெல்டாவின் குடவாசல் பக்கம் போனால் தலையே சுற்றும்!

குடவாசலில் ஒரு ராஜா தண்ணீர் கேட்டு உயிரை விட்டார், தெரியுமா? சேரமான் கணைக்கால் இரும்பொறை! சோழன் செங்கணானிடம் போரில் பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். காவலர்கள் உடனே தரவில்லை. தாமதமாக வந்ததைக் கையில் வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை! புறநானூற்றின் 74-ஆம் பாட்டு அவர் பாடியதுதான்!

சிறையில் அடைத்த அந்தச் செங்கணான் யார் தெரியுமா? 63 நாயன்மார்களில் ஒருவரான கோச்செங்கட் சோழன் என்பது மரபு! சிவனுக்கு 70 மாடக்கோயில் கட்டியவர் என்று திருமங்கையாழ்வாரே கணக்குச் சொல்கிறார்! யானை ஏற முடியாதபடி உயர்த்திக் கட்டிய குடவாசல் கோணேசுவரர் கோயிலும் அவர் கட்டியதுதானாம். சிறையும் அதே ஊர், கோயிலும் அதே ஊர், ஆளும் ஒரே ஆள்!

நல்லதும் கெட்டதும் ஒரே ஆளிடம் என்றால், கெட்டது என்று தனியாக ஒன்று இருக்கிறதா, இல்லையா? இந்த ஊரைச் சுற்றி எத்தனை பதில் கிடைக்கிறது பாருங்கள்!

குடவாசல் வட்டத்திலேயே தீபங்குடியில் ஒரு சமணக் கோயில் இருக்கிறது, தெரியுமா? மூலவர் ஆதிநாதர். சமணத்தில் வினை வெறும் பாவக் கணக்கு அல்ல. அது ஒரு பொருள்! கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக உயிரின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும்! அதில் 8 வகை வேறு!

பேய்களை வைத்தே ஒரு நூலின் பெரும்பகுதியை நடத்திய ஜெயங்கொண்டார் பிறந்த ஊரும் இதே தீபங்குடிதான் என்கிறார்கள்! கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைக்கும் முன் என்ன செய்யும் தெரியுமா? யானைத் தந்தத்தால் பல் விளக்கும்! யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கும்! அப்புறம் குளியல்! இவ்வளவு சுத்தபத்தமான பேய்களைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

"கெட்டது நிஜம்தான். அதற்குத் தொடக்கமே கிடையாது!" இப்படி அடித்துச் சொல்வது யார்? நம் சைவ சித்தாந்தம்! பதி (இறைவன்) எவ்வளவு பழையதோ, பசுவும் (உயிர்) பாசமும் (கட்டு) அவ்வளவு பழையவை. கடவுள் தீமையைப் படைக்கவே இல்லை, அது முதலிலிருந்தே இருக்கிறது! உவமை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? நெல்லிலிருந்து! உமி எப்போது வந்து நெல்லை மூடியது என்று யாராவது சொல்ல முடியுமா? நெல் உண்டானபோதே உமியும் உண்டு. உயிரை ஆணவ மலம் என்ற அழுக்கு மூடியிருப்பதும் அப்படித்தானாம்! குறுவை, சம்பா என்று நெல்லோடு பிறந்து வளரும் டெல்டாக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

இன்னும் கேளுங்கள்! முத்தி அடைந்தாலும் ஆணவம் அழியாதாம்! அதன் சக்தி மட்டும்தான் அடங்கும்! நடராஜர் காலடியில் கிடக்கும், ஆணவத்தின் உருவமான முயலகனைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சாகவில்லை! தலையைத் தூக்கிக்கொண்டு உயிரோடுதான் கிடக்கிறான்!

இந்தச் சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம்தான், தெரியுமா? எழுதிய மெய்கண்டார் ஞானம் பெற்றபோது வயது 3 என்கிறது மரபு! அந்தச் சிறுவனிடம் முதிர்ந்த பண்டிதரான அருணந்தி வந்து, "ஆணவம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம். பதில் என்ன தெரியுமா? ஒரு வார்த்தையும் இல்லை! அவரையே உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை! பண்டிதர் அங்கேயே காலில் விழுந்து சீடரானார்! (இந்தக் கதைக்காகவே சித்தாந்தம் படிக்கலாம்.)

மெய்கண்டார் வாழ்ந்த அதே 13-ஆம் நூற்றாண்டில் துவைதம் போதித்த மத்வர் சொன்னதைக் கேட்டால் தூக்கம் வராது! சில உயிர்களுக்கு மீட்சியே கிடையாதாம், இயல்பிலேயே இருளுக்கு உரியவையாம்!

அத்வைதமோ நேர் எதிர்! எல்லாம் மாயை. அந்த மாயையாவது இருக்கிறதா என்றால், 'உண்டு' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது! இதைச் சொல்லும் காஞ்சி காமகோடி மடம் நெடுங்காலம் பக்கத்துக் கும்பகோணத்தில்தான் இருந்தது, தெரியுமா?

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி! கிறிஸ்தவத்தின் பேரறிஞர் அகஸ்டின் சுமார் 9 வருஷம் மானி என்பவரின் மதத்தில் இருந்தவர்! ஒளி ஒரு சக்தி, இருள் ஒரு சக்தி, இரண்டும் சண்டை போடுகின்றன என்பது அந்த மதம். பிறகு அவரே மாறி, தீமை என்று ஒரு பொருளே இல்லை, நன்மை குறைந்துபோன இடம்தான் தீமை என்றார்! நாகூர் தர்கா பக்கம் கேட்டால், இப்லீஸ் என்ற சைத்தான் நிஜம்தான். ஆனால் அவனால் காதில் ஓத மட்டுமே முடியும், கையைப் பிடித்து இழுக்க முடியாது!

எமனே மனம் நொந்து போன ஊர் தெரியுமா? குடவாசலுக்குப் பக்கத்து ஸ்ரீவாஞ்சியம்! எல்லோர் உயிரையும் பறிக்கிற பாவம் தாங்காமல் இங்கே வந்து சிவனைக் கும்பிட்டானாம். அவனுக்குத் தனிச் சந்நிதி! முதல் வழிபாடும் அவனுக்கே! மாசி விழாவில் சுவாமி ஏறி வரும் வாகனம் எது தெரியுமா? எமன்தான்!

பெருமாள் கோயில் வாசலில் நிற்கும் ஜய விஜயர்தான் இரணியனாகவும் இராவணனாகவும் வந்தவர்கள், தெரியுமா? சாபத்தால் பூமியில் பிறக்க நேர்ந்தபோது, பக்தராக 7 பிறவியா, பகைவராக 3 பிறவியா என்று பெருமாள் கேட்டதற்கு 3 போதும் என்றார்களாம்! சீக்கிரம் திரும்பி வர அதுதானே குறுக்கு வழி!

திருவிடைமருதூருக்கு வாருங்கள்! வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் ஒரு பிராமணர் மிதிபட்டு இறக்க, அந்தக் கொலைப் பாவமான பிரமஹத்தி பாண்டியனைப் பிடித்துக்கொண்டது. கிழக்கு வாசல் வழியே அவர் கோயிலுக்குள் போனார். அது உள்ளே வர முடியாமல் வாசலிலேயே காத்து நின்றது! பாண்டியனோ மேற்கு வாசல் வழியே போய்விட்டார்! கிழக்குக் கோபுரத்தில் பிரமஹத்திக்குச் சிலையே இருக்கிறது. இன்றைக்கும் பக்தர்கள் போன வழியே திரும்புவதில்லை! அதனால் அங்கே போனால் செருப்பைக் கிழக்கு வாசலில் விட்டுவிடாதீர்கள். மதிலும் பெரிசு, வெயிலும் பெரிசு!