திரை யாருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது?

வளரும் பிள்ளைகள் – 9

சென்ற வாரம் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், அந்தத் தூக்கத்தில் பங்கு கேட்கும் டி.வி.யையும் போனையும் பற்றி.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல் பூமி. கிராசிம் பெயரில் இயங்கி இன்று அல்ட்ராடெக் ஆகிவிட்ட சிமெண்ட் ஆலை இங்கேதான் இருக்கிறது. மாவட்டத்தில் வேறு ஆலைகளும் உண்டு, சுரங்கங்களும் உண்டு. கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ராப்பகலாக ஓடுகின்றன. இப்படிப்பட்ட ஊரில் அப்பா ஷிஃப்டுக்குப் போயிருப்பார், அம்மா களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் அப்பாயிதான் துணை. ரோட்டில் விளையாட விட்டால் லாரி பயம். "போனையாவது பாக்கட்டும், கண்ணு முன்னாடி இருந்தா போதும்" என்று அவர் நினைப்பதில் என்ன தப்பு? பிள்ளை கையில் போன் இருக்கிற வீட்டைப் பார்த்தவுடன் பெற்றோரைத் திட்டத் தொடங்குகிறோம். ரோட்டின் நிலைமையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது நியாயமான பேச்சு.

நம் கிராமங்களில் டி.வி. எல்லா வீட்டுக்கும் வந்த கதை அண்மைக் காலத்தது. 2006 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்த நாளில், இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பஞ்சாயத்து டி.வி. முன்னால் கூடியிருந்த கூட்டம் கலைந்து அவரவர் கூடத்துக்குப் போனது. 2007-ல் சுட்டி டி.வி. வந்தது. கார்ட்டூன்கள் நாள் முழுக்கத் தமிழில் பேசத் தொடங்கின.

அது பிள்ளைகளைக் கெடுத்ததா? இந்தக் கேள்விக்கு உலகத்தில் இரண்டு ஊர்கள் நல்ல பாடம் வைத்திருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிற்றூர். பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை அங்கே டி.வி. அலை எட்டவில்லை. டானிஸ் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் டி.வி. வருவதற்கு முன்பும், வந்து இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்த ஊர்ப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். விளையாட்டுத் திடலில் அடிதடியும் வசவும் கூடியிருந்தன. சிறு வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனில் முன்பிருந்த மேன்மை போயிருந்தது. புதிதாக யோசிக்கும் திறனும் குறைந்திருந்தது. ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இன்னொன்று, அட்லாண்டிக் கடலின் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவு. அங்கே 1995-ல்தான் டி.வி. வந்தது. டோனி சார்ல்டன் குழுவினர் பள்ளித் திடலில் கேமரா வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பிள்ளைகளின் நடத்தை கெடவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த தீவு அது. தெருவில் ஒரு பையன் வம்பு செய்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்குச் சேதி தெரிந்துவிடும். அந்தக் கண்காணிப்பும் உறவும் டி.வி. வந்த பிறகும் குலையாமல் இருந்ததுதான் பிள்ளைகளைக் காத்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: பிள்ளை எத்தனை மணி நேரம் பார்க்கிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அது யாருடைய நேரம், எதற்கான நேரம் என்று கேட்க வேண்டும். பேச்சின் நேரமா, தூக்கத்தின் நேரமா, ஓடியாடும் நேரமா?

மடியில் இருக்கும் குழந்தையிடமிருந்து தொடங்குவோம். ஒன்றரை வயதுப் பிள்ளை, எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போன். பாட்டு ஓடுகிறது. வாய் தானாகத் திறக்கிறது, பருப்புச் சோறு உள்ளே போகிறது, கண் மட்டும் அசையவில்லை. கிண்ணம் சீக்கிரம் காலியாகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் "இந்தா ஒரு வாய் காக்காவுக்கு, ஒரு வாய் தம்பிக்கு" என்ற பேச்சு இல்லை. வயிறு நிறைந்ததைப் பிள்ளை தானே உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை.

அந்தப் பேச்சின் அருமையை 2003-ல் பட்ரீஷியா கூல் நடத்திய ஆய்வு காட்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சிலர் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடுகள் குழந்தைகளுக்குப் பிடிபட்டன. அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. கைக்குழந்தைக்கு மொழி மனிதரிடமிருந்துதான் வருகிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுவரை வேண்டாம் என்றே சொல்கிறது.

மூன்று வயதுக்கு மேல் எந்த நிகழ்ச்சி என்பதும் முக்கியம். 'டோராவின் பயணங்கள்' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருப்பாள், பிள்ளைகள் கத்திப் பதில் சொல்வார்கள். இப்படிப் பிள்ளையைப் பேசவைக்கும் நிகழ்ச்சிகள் சொல்வளத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் உண்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்த்தால் பயன் இன்னும் கூடும். 14 அங்குலப் பெட்டியில் இருந்த நன்மை அதுதான். ஒரே பெட்டி என்பதால் ரிமோட்டுக்குச் சண்டை வந்தது, ஆனால் பிள்ளை என்ன பார்க்கிறது என்பது வீட்டுக்கே தெரிந்தது. போன் அந்தத் துணையைப் பறித்துவிட்டது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, போனிலும் வகுப்பு நடந்தது. பள்ளி திறந்தபின் வகுப்பு போனிலிருந்து போய்விட்டது. போன் மட்டும் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது.

இனி கேம். 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜி அடுத்த ஆண்டே பெயர் மாற்றிக்கொண்டு திரும்பியது. அந்த மாதிரி ஆட்டத்தில் நூறு பேர் இறங்குவார்கள், வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் நிற்பவருக்கு வெற்றி. ஒரு மேட்ச் அரை மணி நேரம்கூடப் போகும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. நான்கு பேர் அணியில் ஒருவன் போனைக் கீழே வைத்தால் மற்ற மூவரும் திட்டுவார்கள். "அப்பாயி, இரு, மேட்ச் போயிட்டிருக்கு" என்று பையன் சொல்வது பல நேரம் சாக்கு இல்லை, அந்த ஆட்டம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நொடியில் போனைப் பிடுங்கினால் வெடிக்கிற கோபத்தைப் பார்த்து, பிள்ளை வெறிபிடித்துவிட்டான் என்று பயப்படுகிறோம். சுடும் ஆட்டம் ஆடுவதாலேயே பிள்ளை முரடனாகிறான் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிரிட்டனில் 14, 15 வயதினரிடம் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2019-ல் அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை. ஆனால் இரவு இரண்டு மணி வரை ஆடியவன் காலையில் வகுப்பில் எரிந்து விழுவான். அதற்கு ஆய்வே தேவையில்லை.

ஆகவே நிமிடக் கணக்கை விட்டு மேட்ச் கணக்குப் பேசுங்கள்: "ரெண்டு மேட்ச், அப்புறம் போனை அலமாரியில வெச்சிரணும்." தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். சாப்பாட்டு நேரமும், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் வீட்டில் எல்லோருக்கும் போன் இல்லாத நேரமாக இருக்கட்டும், அப்பாவுக்கும் சேர்த்து. பள்ளி, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல் ஓராண்டு போல ஒரு பிள்ளை ஆடிக்கொண்டிருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் கோளாறு. உலக சுகாதார அமைப்பு அதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை கிடைக்கும்.

இவ்வளவும் வீடு செய்யக்கூடியது. லாரி ஓடும் ரோட்டை அப்பாயியால் நிறுத்த முடியாது. பள்ளி நேரத்தில் லாரிகளுக்குக் கட்டுப்பாடும், சுற்றுச்சுவரோடு ஒரு விளையாட்டுத் திடலும், சாயங்காலம் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடும் ஏற்பாடும் ஊராட்சியும் அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியவை. பூமியைத் தோண்டி இந்த மாவட்டம் நாட்டுக்கு இவ்வளவு சிமெண்ட் கொடுத்திருக்கிறது. இங்கே பிள்ளைகள் ஓட ஒரு திடல் கேட்பது சலுகை ஆகாது. அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வையுங்கள். போனை வை என்று பிள்ளையிடம் சொல்லும் நாம், வைத்துவிட்டு எங்கே போய் விளையாடுவது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: பிள்ளைகளும் பாக்கெட் தின்பண்டங்களும்)