சிட்லபாக்கத்து நிலத்தடி நீர்

சிட்லபாக்கத்தின் அடியிற் கிடப்பது சார்னக்கைட்டு என்னும் வன்பாறை. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலநூல் வல்லார் ஹாலந்து, 1893-இல் இப்பெயரை இட்டார். அக்கல் நம் பல்லாவரத்துப் பக்கமிருந்து சென்றதென்பர். இறந்தார்க்கு நெடுங்காலம் நிற்குங் கல், இருப்பார்க்கு நீர்தருவதிற் பெருங்கஞ்சன்!

இப்பாறையின் உடல் நீரை ஏலாது. மேலே சிதைந்து மண்ணாகிய படையிலும், அதன்கீழுள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஆழஞ் செல்லச்செல்ல வெடிப்புகள் அருகும். ஆதலின் ஆழ்துளையை மேலும் நூறடி இறக்குவோர் பெரும்பாலும் பெறுவது கற்றூளே. தமிழ்நாட்டரசு 2003-இல் வீடுதோறும் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழி நீரைச் சேர்ப்பதும் அச்சிதைந்த படையிலேதான். ஊரேரி நிறைந்திருப்பின் அப்படை நனைந்து கிணறுகள் ஊறும். ஏரியிற் கழிவுநீர் கலப்பினோ, அதுவும் அவ்வழியே கிணற்றை அடையும்.