சென்னையா, கோவையா? தண்ணீரை வைத்து ஒரு கணக்கு

வீட்டில் ரெண்டு மாசமா இதே பேச்சு. வாடகை, டிராஃபிக், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் எக்ஸெல்லில் போட்டாச்சு. கடைசியில் முடிவெடுக்க வைத்தது தண்ணீர்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியா 1,400 மி.மீ. மழை. கோவையில் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனாலும் 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது சென்னை.

காரணம் இதுதான். சென்னை மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஊர் தட்டை, ஏரிகளில் ஆழம் குறைவு. தேக்க இடம் போதாது. அதிகமாகப் பெய்தால் 2015, பொய்த்தால் 2019. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குவது இதனால்தான்.

கோவை மழைமறைவுப் பகுதி. ஆனால் மேற்கே மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சிறுவாணி, பில்லூர் அணைகள் பிடித்துத் தருகின்றன. அதாவது, ஊரில் பெய்யாத மழையைக் குடிக்கிற ஊர் கோவை. பலவீனமும் அங்கேதான்: சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில்.

ஆகவே சராசரியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீங்க. மோசமான வருஷத்தைப் பாருங்க. வீடு பார்க்கப் போனால் தரைத்தளத்தில் இருப்பவரிடம் கேளுங்க. சென்னை என்றால், "2015-ல தண்ணி எதுவரை வந்துச்சு?" கோவை என்றால், "சிறுவாணியா, பில்லூரா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?"

2019-ல் அம்மா மூணாவது மாடிக்குக் குடம் தூக்கினார். இன்னொரு தடவை அவரால் முடியாது. எங்க ஓட்டு கோவைக்கு.